அறுபது நாள் தள்ளிப்போட முடியுமா

குண்டுக்காரர் தன் ஐம்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஓர் அரசு அலுவலகத்துக்கு உதவி செய்யலாம் என்று கிளம்பினார். அதுவரை நன்றாகத்தான் இருந்தார்.

ஆள் ஒல்லி. குண்டு என்பது உடம்பில் இல்லை, பையில் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அவர். லிஃப்ட் பொருத்தும்போது, மொட்டைமாடி மெஷின் அறையிலிருந்து அடிக்குழிவரை மெல்லிய எஃகுக் கம்பியில் ஒரு தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லிஃப்ட் ஓடும் இரண்டு தண்டவாளங்களும் நெட்டுக்குத்தாக நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் பொருத்துகிற அன்று ஒரு தடவை பார்ப்பதோடு சரி. இவர் மாதாமாதம் எண்ணெய் போடப் போகும்போதும் தொங்கவிடுவார். தண்டவாளத்துக்கும் கம்பிக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து ஒரு நீளநோட்டில் எழுதிக்கொள்வார். பதினேழு வருஷம், பதினோரு கட்டடங்கள், ஆறு நோட்டுகள். ஏன் இந்த வேலை என்று மனைவி கேட்டதற்கு, பல் டாக்டர் வாயைத் திறந்தால் எல்லாப் பல்லையும் பார்ப்பாரா மாட்டாரா என்று கேட்டார். அதோடு அந்த அம்மாள் விட்டுவிட்டாள்.

அந்த நோட்டுகளில் ஒரு விஷயம் இருந்தது. பதினேழு வருஷத்தில் மூன்று தடவை, மலையடிவாரச் சாலையை ஒட்டிய கட்டடங்களில் மட்டும், கம்பி கிழக்கே இரண்டு மில்லி நகர்ந்திருந்தது. கட்டடமே சாய்ந்தால்தான் கம்பி அப்படி நகரும். மூன்று தடவையும் ஒரு மாசத்துக்குள் பூமி ஆடியது. முதல் தடவை அலமாரியில் பாத்திரம் குலுங்கியது. இரண்டாவது தடவை ஒரு தண்ணீர்த்தொட்டி விரிசல் விட்டது. மூன்றாவது தடவை ஒரு மதில் விழுந்து, அதன் நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்ற தபால்காரர் செத்துப்போனார்.

இந்தத் தடவை கம்பி நாலு மில்லி நகர்ந்திருந்தது. இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளரிடம் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதுக்குன்னு ஆணையம் இருக்கு, ஊர் பூரா சைரன் வச்சிருக்காங்க, அவங்க ஊதட்டும், நாங்க ஓடி வர்றோம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஊரில் பத்து இடத்தில் உயரமான கம்பத்தில் சைரன் இருந்தது. மாதம் முதல் தேதி காலை பத்து மணிக்கு ஒரு நிமிஷம் ஊதிச் சரிபார்ப்பார்கள். அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதைத் தவிர அதனால் ஊருக்கு வேறு பயன் இருந்ததில்லை.

ஆகவே ஆறு நோட்டுகளையும் குண்டையும் பையில் போட்டுக்கொண்டு நிலநடுக்க முன்னறிவிப்பு ஆணையத்துக்குப் போனார்.

வாசலிலேயே வினை. காவலாளி பையில் என்ன என்று கேட்டார். இவர் உண்மையைச் சொல்லிப் பழகியவர். குண்டு என்றார். அடுத்த ஒன்றரை மணி நேரம் கைகளைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கடைசியில் அது கட்டடத் தூக்குக்குண்டு என்று தெரிந்தது. ஆனால் பதிவேட்டில் ஏறியதை அடிக்க அதிகாரம் இல்லை என்பதால் ‘குண்டு - 1, வெடிக்காதது’ என்று எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். போகும்போது அதே நிலையில் திரும்பக் காட்ட வேண்டும்.

உள்ளே வரவுப் பிரிவில் ஒரு எழுத்தர் அம்மா இருந்தாள். முகத்தில் கொஞ்சம் இரக்கம் மிச்சமிருந்தது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அது பெரிய விஷயம். எந்த நிறுவனம் என்று கேட்டாள். எந்த நிறுவனமும் இல்லை, தனியாள் என்றார். தனியாளும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர் தனியாள்தான் என்பதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்றின் சான்று வேண்டும் என்றாள்.

ஊரில் அப்படி ஒரே ஒரு கல்லூரி இருந்தது. அங்கே போய், நான் உங்கள் ஆள் இல்லை என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்றார். கல்லூரி முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். தெரிந்தவர் என்றால் நம் ஆள் இல்லை என்று சொல்லலாம், முன்பின் தெரியாதவரை எப்படி இல்லை என்று எழுதிக் கொடுப்பது என்று கேட்டார். இதற்கு இரண்டு நாள் யோசித்து அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். குண்டுக்காரரை ஒரு நாள் தற்காலிகப் பணியாளராக நியமித்தார். மறுநாள் ஒழுங்கீனத்துக்காக நீக்கினார். என்ன ஒழுங்கீனம் என்று கேட்டதற்கு, காரணம் இல்லாமல் நீக்கினால் வழக்குப் போடுவீர்கள் என்றார். நீக்கல் உத்தரவு முத்திரையோடு கையில் வந்தது. இப்போது அவர் சந்தேகமில்லாமல் தனியாள்.

அடுத்தது படிவம். பதினான்கு பக்கம். பூகம்பத்தின் தேதி, மணி, நிமிஷம், அளவு எல்லாம் கேட்டிருந்தது. இறப்பு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். அதன் கீழே பொடி எழுத்தில் ‘தோராயம் ஏற்கப்படாது’. குண்டுக்காரருக்கு அந்தக் கட்டத்தில் கை ஓடவில்லை. எழுத்தர் அம்மா எட்டிப் பார்த்து, சும்மா ஒரு எண்ணைப் போடுங்கண்ணே, யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல என்றாள். அவர் பூஜ்யம் போட்டார்.

அவள் படிவத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“முப்பது நாளைக்குள்ள வரும்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்மா. அதுக்குள்ள வந்துரும்.”

“விதிப்படி நிகழ்வுக்குத் தொண்ணூறு நாள் முன்னாடி விண்ணப்பம் வரணும். நீங்க அறுபது நாள் லேட்டு.” கொஞ்சம் யோசித்தாள். “அறுபது நாள் தள்ளிப்போட முடியுமா?”

“எதம்மா?”

“பூகம்பத்த.”

அவள் கேலி செய்யவில்லை. கோப்பு நகர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கேட்டாள். முடியாது என்று இவர் சொன்னதும், சரி, தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் வைத்தால் அவசரப் பிரிவில் சேர்க்கலாம் என்றாள். தாமதம் தன்னுடையதா பூமியுடையதா என்று இவருக்குக் குழப்பம். இரண்டு பேர் சார்பிலும் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் நேரில் விளக்க வரச்சொல்லி ஓலை வந்தது. ஆணையத்துக்கு ஏழு மாடி. கூட்ட அறை ஐந்தாவது மாடியில். லிஃப்ட்டில் தலைவரும் இவரும் ஒன்றாக ஏற நேர்ந்தது. தலைவர் நல்ல உயரம், வெள்ளை முடி, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாவது மாடி தாண்டும்போது கூண்டு தண்டவாளத்தில் உரசி, கத்தி தீட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தலைவர் ஒரு நொடி கண்ணைத் திறந்தார்.

“என்ன சத்தம்?”

“கட்டடம் கிழக்கால சாஞ்சிருக்கு சார். அதான் உரசுது.”

“அத உள்ள வந்து சொல்லுங்க. இங்க சொன்னா குறிப்புல ஏறாது.”

உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குண்டுக்காரர் நோட்டுகளை விரித்து, எந்த மாசம் எந்தக் கட்டடம் எத்தனை மில்லி என்று சொன்னார். தட்டுத்தடுமாறித்தான் சொன்னார், ஆனால் சொன்னது விளங்கியது. விளங்கியது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தொழில்நுட்ப உறுப்பினர் ஆறாவது நோட்டை வாங்கி, கடைசி நாலு பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு அதைத் திருப்பித் தரவில்லை.

“உங்க கருவிக்கு யார் சான்று கொடுத்தது?” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

“கருவின்னு ஒண்ணும் இல்ல சார். கம்பி, குண்டு.”

“அந்தக் குண்டு நேராத்தான் தொங்குதுன்னு யார் சான்று?”

“பூமி இழுக்குது சார். நேராத்தான் தொங்கும்.”

“பூமியப் பத்தித்தான் இங்க விசாரணையே. விசாரிக்கப்படுற தரப்பே சான்று கொடுத்தா எப்படி?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். குண்டுக்காரருக்கும் ஒரு கணம் அது சரி என்றே பட்டது. ஒன்பது பேர் சேர்ந்து தலையாட்டினால் யாருக்கும் அப்படித்தான் படும்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு முடிவுரை சொன்னார்.

“இந்த ஆணையம் ஆரம்பிச்சு நாப்பத்தோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு தப்பான முன்னறிவிப்புகூட நாங்க கொடுத்ததில்ல. உலகத்துல வேற எந்த அமைப்பும் இந்தப் பெருமைய சொல்லிக்க முடியாது. எப்படி முடிஞ்சுது? பொறுப்பு. சொன்னாத்தானே தப்பாகும்? மூணு தலைவருங்க வாய மூடிக்கிட்டு ஓய்வு பெற்றாங்க. நான் நாலாவது. எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. நீங்க தனியாள். தப்பாச் சொன்னா உங்களுக்கு என்ன போச்சு? நாளைக்கும் எண்ணெய் போடப் போவீங்க. எங்களுக்குக் கெட்டுப்போக ஒரு பேர் இருக்கு.”

இருந்தாலும் கோப்பு பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்றார். ஏழு கையெழுத்து ஆனதும் சைரன் ஊதலாம். அதுவரை விண்ணப்பதாரர் இதுபற்றி எவரிடமும், குடும்பத்தார் உட்பட, நேராகவோ மறைமுகமாகவோ வெளிப்படுத்தக் கூடாது. வெளிப்படுத்தினால் கோப்பு மூடப்படும். உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார்கள். குண்டுக்காரர் கணக்குப் போட்டார். தன் வாய்க்கு எட்டுகிறது நாலு வீடு. சைரனுக்கு எட்டுகிறது ஊர் முழுக்க. கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு ஓர் அக்கா. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரம் பேர் பேச்சைக் காதில் வாங்கி ஒன்றையும் வெளியே விடாதவள். முழங்கால் வலி. ஆனாலும் மலையடிவாரச் சாலையில் நாலாவது மாடியில் வீடு பிடித்தாள். தம்பி லிஃப்ட்டுக்காரனா இருக்கும்போது நான் ஏன் தரையில கிடக்கணும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். அந்தக் கட்டடத்தில்தான் கம்பி அதிகமாக நகர்ந்திருந்தது. ஐந்து மில்லி.

குண்டுக்காரர் வீடு ஊருக்கு மேற்கே, ஒற்றை மாடி. ஒரு காலையில் அக்காவிடம் போய், உன் தம்பி பெண்டாட்டிக்குக் கை சுளுக்கிக்கொண்டது, பத்து நாள் வந்து ஒத்தாசையாக இரு என்று கூட்டிவந்தார். வரும் வழியில் மனைவிக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டார். அக்கா உள்ளே நுழைந்தபோது அந்த அம்மாள் இரண்டு கையாலும் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அக்கா குடத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் பையை உள்ளே வைத்தாள்.

மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் காலை ஆணையத்தின் கண்காணிப்பு அதிகாரி வந்தார். சின்ன உருவம், பெரிய பை. வீட்டில் எத்தனை தலை என்று எண்ணினார். வழக்கத்தைவிட ஒன்று கூடுதல் என்று எழுதிக்கொண்டார். கூடுதல் தலை எங்கிருந்து வந்தது, எத்தனையாவது மாடி, வந்ததற்கு என்ன காரணம் என்று கேட்டார். கை சுளுக்கு என்றார் குண்டுக்காரர். அதிகாரி மனைவியின் கையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். சுளுக்கு இல்லை என்று எழுதிக்கொண்டார்.

“இது மறைமுக வெளிப்படுத்தல்” என்றார்.

“நான் ஒரு வார்த்த சொல்லல சார்.”

“அதான் மறைமுகம்ங்கறேன். நாலாவது மாடியில இருந்து ஒருத்தர தரைக்குக் கொண்டு வர்றது சொல்றத விட மோசம். அக்கம்பக்கத்துல கேக்க மாட்டாங்களா? உங்க கோப்புல நாலு கையெழுத்து ஆயிருச்சு. இன்னும் மூணுதான். நாளைக்கு மதியத்துக்குள்ள இவங்க அவங்க இருப்பிடத்துல இருக்கணும். இல்லாட்டி மூடிர வேண்டியதுதான். உங்க இஷ்டம்.”

அவர் போனபிறகு குண்டுக்காரர் பின்கட்டில் போய் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அக்கா. மறுபக்கம் பத்து சைரன். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் கோப்புப் போகும், அக்கா ஒருத்தி பிழைப்பாள், ஊர் தூங்கும். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று கையெழுத்து. மூன்று கையெழுத்துக்கு எத்தனை நாள் ஆகிவிடும்? இரண்டு நாள், மூன்று நாள். சைரன் ஊதினால் அக்காவும்தானே கீழே வருவாள்?

அக்கா வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

“அந்தாளு ஏதோ எனக்குத் தெரியக்கூடாத விஷயமா வந்திருக்கான். சரியா?”

அவர் காலடியில் கிடந்த ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்தார்.

“நான் இங்க இருந்தா உன் காரியம் கெடும். அதுவும் சரிதான?”

அவர் திருகாணியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷம் அடுத்தவங்க ரகசியத்தக் காதுல வச்சுக்கிட்டே இருந்தவடா நான். கேக்க மாட்டேன். பைய எடு.”

மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு அவரே கூட்டிப்போனார். லிஃப்ட் இரண்டாவது மாடியிலிருந்து நாலுவரை உரசிக்கொண்டே ஏறியது. இதக் கொஞ்சம் பாரேன்டா, பல்லு கூசுது என்றாள் அக்கா. பார்க்கிறேன் என்றார். மேலே அதிகாரி காத்திருந்தார். கதவு எண் தெரியும்படி அக்காவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். ‘வழக்கமான வசிப்பிடத்துக்குத் திரும்பினார்’ என்ற தாளில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

அந்தத் தாளின் நகலைக் கொடுக்க ஆணையத்துக்குப் போனபோது, ஏழு மாடியும் காலியாக இருந்தது. மேஜை, நாற்காலி, அலமாரி, எழுத்தர் அம்மா எல்லாம் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். வெள்ளையடிக்கிறார்கள் என்றாள் அவள், அவர் கண்ணைப் பார்க்காமல். கட்டடத்தில் ஒரு சாரமும் இல்லை, ஒரு சுண்ணாம்பு வாளியும் இல்லை. குண்டுக்காரர் அதைக் கவனித்தார். ஆனால் எப்போதும்போல நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார். பரவாயில்லை, கட்டடத்தைப் பராமரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

ஏழு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, அவர் அதே கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். எழுத்தர் அம்மா கோப்பைத் திறந்து காட்டினாள். ஆறு கையெழுத்து ஆகியிருந்தது. ஏழாவது கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தார், திங்கட்கிழமை வந்துவிடுவார். அவள் திங்கட்கிழமை என்ற சொல்லை முடிப்பதற்குள் மேஜை தானாக நகர்ந்தது.

இருபத்தெட்டு நொடி. கொட்டகையின் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. எதிரே ஏழு மாடிக் கட்டடத்தின் கிழக்குப் பாதி, களைத்துப்போனவர் உட்காருவது போல, அப்படியே உட்கார்ந்தது. தூசி அடங்கியதும் தலைவர் கையில் ஒரு பட்டியலோடு வந்து ஊழியர்களை எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் கீறல் இல்லை.

குண்டுக்காரர் ஓடினார். மலையடிவாரச் சாலைக்கு நாலு மைல். அக்காவின் கட்டடத்தில் நாலாவது மாடி இரண்டாவது மாடியின்மேல் இருந்தது. மூன்றாவது மாடியைக் காணவில்லை. அவரும் இன்னும் இருபது பேரும் கையால் கல்லை எடுத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா கிடைத்தாள். வீட்டுக்குள் இல்லை. லிஃப்ட் வாசலில் இருந்தாள். பொத்தானை அழுத்திவிட்டு, வரும் என்று நின்றிருக்கிறாள். கையில் வீட்டுச் சாவி இருந்தது. கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

ஊரில் முந்நூற்று நாற்பது பேர் என்றார்கள். தோராயமாக.

இரண்டு வாரம் கழித்து ஆணையத்திலிருந்து பதிவுத்தபால் வந்தது. மனைவிதான் படித்துக் காட்டினாள். “தங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டுள்ள நிகழ்வு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டபடியால், அது முன்னறிவிப்பு என்னும் வரையறைக்குள் வராது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இறப்பு எண்ணிக்கை பூஜ்யம் என்று பிழையாகக் குறிப்பிட்டிருந்ததும் கவனத்தில் கொள்ளப்பட்டது. இனி இத்தகைய தாமதத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். உறுதிமொழிப் பத்திரம் தொடர்ந்து அமலில் இருக்கும்.”

கூடவே ஓர் அழைப்பிதழ். இரங்கல் கூட்டம். இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு முன்வரிசை.

கூட்டம் கொட்டகையில் நடந்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். இயற்கை பெரியது, மனிதன் சிறியவன் என்றார். எந்த விஞ்ஞானத்தாலும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றார். இந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் உண்டு, ஆணையத்தின் ஊழியர் ஒருவர்கூட பாதிக்கப்படவில்லை, இது நம் திட்டமிடலுக்குக் கிடைத்த வெற்றி என்றார். ஊழியர்கள் பக்கம் கைதட்டக் கை எழுந்து, இடம் உணர்ந்து இறங்கியது.

முன்வரிசையிலிருந்து குண்டுக்காரர் எழுந்தார். கோபமாக எழவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“சார், முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னா, நீங்க எதுக்கு ஏழு நாள் முன்னாடியே கீழ எறங்குனீங்க?”

தலைவர் கண்ணைத் திறந்தார். பொய் சொல்லப்போகிற முகம் இல்லை அது. பாடம் சொல்லிக்கொடுக்கிற முகம்.

“நல்ல கேள்வி. ரெண்டையும் நீங்க போட்டுக் குழப்பிக்கிறீங்க. முன்னெச்சரிக்கை வேற, முன்னறிவிப்பு வேற. உங்க நோட்டப் பார்த்ததும் எங்க தொழில்நுட்ப உறுப்பினர் கொஞ்சம் பயந்துட்டார். பயந்த ஊழியர கீழ எறக்குறது முன்னெச்சரிக்கை. அது ஊழியர் நலன். அதுக்கு என் ஒரு கையெழுத்து போதும். ஊருக்குச் சொல்றது முன்னறிவிப்பு. அதுக்கு ஏழு கையெழுத்து வேணும். ஒருவேளை ஒண்ணும் நடக்கலன்னு வைங்க. நாங்க கொட்டகையில ஒரு வாரம் வேர்த்ததோட போச்சு, வெள்ளையடிச்சோம்னு சொல்லிருவோம். ஊரையே எறக்கிட்டு நடக்கலன்னா? நாப்பத்தோரு வருஷப் பேர் என்ன ஆகும்?”

முன்வரிசையில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். தலைவர் அதை உருக்கத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு, அடுத்த பேச்சாளரை அழைத்தார்.

குண்டுக்காரர் வெளியே வந்தபோது எழுத்தர் அம்மா பின்னால் ஓடிவந்தாள். ஏதோ கையெழுத்துக்கு என்று நினைத்து நின்றார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எங்க வீடு மூணாவது மாடிண்ணே, லிஃப்ட்டுல ஒரு சத்தம் வருது, கொஞ்சம் வந்து குண்டு போட்டுப் பாக்குறீங்களா என்றாள். அந்த வாரத்திலேயே காவலாளி வந்தார். கண்காணிப்பு அதிகாரி, பெரிய பை இல்லாமல் வந்தார். தொழில்நுட்ப உறுப்பினர் ஆறாவது நோட்டைத் திருப்பிக்கொடுக்கும் சாக்கில் தன் விலாசத்தை அதற்குள் செருகிவைத்துவிட்டுப் போனார்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தாலும் போகாதீங்க என்றாள். அவர் போனார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்த வீடுகளிலெல்லாம் வேறு யாராவது இருப்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டார். மகள் இருப்பது வடக்குத் தெருவில் ஆறு மாடிக் கட்டடம், ஐந்தாவது மாடி, மாப்பிள்ளை வெளியூரில், சும்மா வழக்கமான எண்ணெய் போடுகிற மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு தனக்கு மட்டும் தனியாகச் சொன்னால் போதும் என்றார். குரலில் அதிகாரம் கொஞ்சமும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றார்.

குண்டுக்காரர் காலையிலேயே போய் மேலேயிருந்து கம்பியைத் தொங்கவிட்டு அளந்தார். ஏழு மில்லி. நம்பாமல் மறுபடி அளந்தார். குழியில் இறங்கி டார்ச் அடித்தபோது, கிழக்குத் தூணில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இன்னொரு சின்ன ஆட்டம் வந்தால் போதும். வராவிட்டாலும் போதும்.

மூன்று மணிக்கு அவர் தெருவில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். ஏழு மில்லி. தூணு வெடிச்சிருக்கு. கட்டடம் நிக்காது.”

தலைவர் மூச்சு வாங்குவது கேட்டது. “சரி. நான் அவள இப்பவே கூப்பிட்டு ஏதாவது காரணம் சொல்லி எறங்கச் சொல்றேன். ரொம்ப நன்றி. நீங்க இத யார்கிட்டயும் சொல்லிராதீங்க. உறுதிமொழி இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

“சொல்லிட்டேன் சார்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும். முதல் மாடியில ஆரம்பிச்சு ஒவ்வொரு கதவாத் தட்டுனேன். முப்பது வீடு. எல்லாரும் எறங்கியாச்சு. உங்க பொண்ணு வீடு அஞ்சாவது மாடி, அதான் கொஞ்சம் நேரமாயிருச்சு.”

தெருவின் எதிர்ப்பக்கம் நூறு பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரு அம்மாள் பாதி அரைத்த மாவோடு வந்திருந்தாள். மகள் நடைபாதை ஓரத்தில், மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, ஐந்தாவது மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குண்டுக்காரர் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தார். அறவில்லை.

“பொண்ணு செருப்பு போட்டிருக்காளா?” என்று கேட்டார் தலைவர். “அங்க ரோடு பூரா கண்ணாடிச் சில்லு கிடக்கும்.”

குண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “போட்டிருக்கு சார்.”

“சரி” என்றார் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. “அனுமதியில்லாம வெளிப்படுத்தினதுக்கு நோட்டீஸ் திங்கட்கிழமை வரும். வீட்ல இருங்க, கையெழுத்துப் போட்டு வாங்கணும்.”